அக்கசாலைக் குறியும் பழங்காசின் விலையும்

பழங்காசு வாங்கி விற்கும் தொழிலில் தேர்ந்தவர்கள், ஒரு நாணயத்தின் ஆண்டைப் படித்த கையோடு, அந்த ஆண்டுக்குக் கீழேயும் பூவேலைப்பாட்டின் இடுக்குகளிலும் ஒரு சிறு புள்ளியையோ எழுத்தையோ தேடத் தொடங்கிவிடுவார்கள். காசு எந்த அக்கசாலையில், அதாவது அரசுக்காக நாணயம் அச்சிடும் எந்தப் பணிமனையில், உருவானது என்பதைக் காட்டும் அந்த அடையாளமே அக்கசாலைக் குறி எனப்படுகிறது. கடுகளவே இருக்கும் இக்குறியைப் பற்றி மக்களிடையே வளர்ந்திருக்கும் நம்பிக்கைகள் ஏராளம்; அவற்றுள் பெரும்பாலானவை தவறானவை. குறி ஒரு காசின் பிறப்பிடத்தைச் சொல்லுமே தவிர, அதன் விலையைத் தனியாக நின்று சொல்லாது. அந்த ஆண்டில் அந்த அக்கசாலையில் அடிக்கப்பட்டவற்றுள் எத்தனை இன்றும் மிஞ்சியிருக்கின்றன, கையில் இருப்பது எவ்வளவு தேயாமல் இருக்கிறது, அதைத் தேடுவோர் எத்தனை பேர் என்னும் மூன்றும் சேர்ந்தே விலையை முடிவு செய்கின்றன. இந்த மூன்றையும் எடைபோடக் கற்றுக்கொள்வதற்கே தொழிலில் பாதி வாழ்நாள் போய்விடுகிறது.

அக்கசாலைகள் தம் காசுகளில் குறி இட்டதற்குக் காரணம் சேகரிப்பாளர்களின் வசதி அன்று. ஒரே ஆட்சியின்கீழ் பல ஊர்களில் காசு அடிக்கப்படும்போது, எடை குறைந்தோ வெள்ளியின் தூய்மை குறைந்தோ ஒரு காசு வெளிவந்தால், எந்த ஊர் அதிகாரியிடம் கணக்குக் கேட்பது என்பதற்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. இன்றைய இந்திய நாணயங்களில் இந்த ஏற்பாடு எளிமையானது: மும்பைக் காசில் ஆண்டுக்குக் கீழே சாய்சதுரம், ஐதராபாத்துக் காசில் ஐந்துமுனை விண்மீன், 1988-இல் தொடங்கிய நொய்டா அக்கசாலைக் காசில் வட்டப் புள்ளி, கொல்கத்தாக் காசில் எதுவும் இல்லை. தலைமை அக்கசாலையாகத் தொடங்கிய கொல்கத்தா பெரும்பாலும் குறி இடாமலே காசு வெளியிட்டு வந்ததால், குறி இல்லாமையே அதன் குறி ஆயிற்று. ஆங்கிலேயர் காலத்தின் சில வெள்ளி ரூபாய்களில் கல்கத்தாவுக்கு ‘சி’ என்னும் ஆங்கில எழுத்தும் பம்பாய்க்கு ‘பி’ என்னும் எழுத்தும் உண்டு. இரண்டாம் உலகப்போரின் நடுவே, 1943-இல், காசுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கத் தொடங்கப்பட்ட லாகூர் அக்கசாலை ‘எல்’ என்னும் எழுத்தை இட்டது.

சென்னைக்கும் ஓர் அக்கசாலை இருந்தது. சௌகார்பேட்டை வழியாகச் செல்லும் தங்கசாலைத் தெரு அதன் பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொடங்கிய காசடிப்பு, பிற்காலத்தில் அந்தத் தெருவின் வடகோடிக்கு இடம்மாறி, 1869-இல் முற்றாக நின்றுபோனது. சென்னை அக்கசாலையின் காசுகளை அடையாளம் காண்பது மற்ற எல்லாவற்றையும்விடக் கடினம் என்பதைத் தென்னிந்திய வணிகர்கள் நன்கு அறிவார்கள். ஏனென்றால் அது தன் பெயரில் காசு அடிப்பதற்கு முன்னர் நெடுங்காலம் பிறர் பெயரில் அடித்தது.

ஆற்காட்டு ரூபாய் என்று வழங்கும் வெள்ளிக்காசு இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன்மீதுள்ள பாரசீக எழுத்துகளைப் படித்தால் முகலாயப் பேரரசர் ஒருவரின் பெயரும் (சென்னைக் காசில் இரண்டாம் ஆலம்கீரின் பெயர்) ஆற்காடு என்னும் ஊர்ப்பெயருமே கிடைக்கும். ஆனால் கம்பெனி அதைச் சென்னையிலும், பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலும் அடித்தார்கள். மக்கள் ஆற்காட்டு நவாபின் காசையே நம்பி வாங்கியதால் வெளிநாட்டார் அந்தப் பெயரையே தம் காசுக்கும் சூட்டிக்கொண்டார்கள். எழுத்தை மட்டும் படிப்பவருக்கு எல்லாம் ஒரே ஊர்க்காசாகத் தோன்றும். எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் சிறு உருவத்தைக் காண்பவருக்கோ பிறை புதுச்சேரியையும், தாமரை சென்னையையும், ரோஜா பிற்காலக் கல்கத்தாவையும் காட்டிக்கொடுக்கும். இவற்றுள் சென்னைக் காசில் இன்னொரு வியப்பும் உண்டு. இயந்திரத்தில் அடிக்கப்பட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு ரூபாய்களிலும் ஹிஜ்ரி 1172 என்னும் ஆண்டே, அதாவது 1758-59-ஐக் குறிக்கும் ஆண்டே, மாறாமல் நிற்கிறது. ஆண்டை அப்படியே நம்பி விலை சொல்லும் விற்பவரையும், அதை நம்பி வாங்குபவரையும் இத்தொழிலில் இருப்பவர்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள். நேரான விளிம்பும் சீரான வட்டமும் ஆலம்கீரின் காலத்துக்கு உரியவை அல்ல என்பதைக் கண்டுகொள்ளப் பாரசீகம் தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை. கையால் சம்மட்டியடித்த காசுகள் சிலவற்றை ஒருமுறை தொட்டுப் பார்த்திருந்தாலே போதும்.

இதை எழுதுபவருக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்த தலைமுறையிடம் விலைப்பட்டியல் நூல்கள் அநேகமாக இல்லை. சென்னை சென்ட்ரல் நிலையத்தை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட்டில், பழைய புத்தகங்களுக்கும் கிராமபோன் தட்டுகளுக்கும் இடையே துணி விரித்துக் காசு விற்றவர்கள், ‘ராணி தலை’, ‘ராஜா தலை’, ‘ஓட்டைக் காலணா’ என்று உருவத்தைக்கொண்டே பிரித்தார்கள். வெள்ளி என்றால் எடைக்கு ஒரு விலை, செம்பு என்றால் கைப்பிடிக்கு ஒரு விலை. 1985-இல் தீயில் அந்தச் சந்தை அழிந்தபோது வணிகர்கள் பல இடங்களுக்குச் சிதறினார்கள். அதற்குச் சற்று முன்பே, 1980-இன் தொடக்கத்தில், உலகச் சந்தையில் வெள்ளி விலை திடீரென ஏறியதையொட்டி, நாட்டின் பல வீடுகளிலிருந்து விக்டோரியா ரூபாய்களும் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களும் உருக்குவோரின் மூசைக்குப் போயின. ஒரு ரூபாய்க்கு ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம், அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 92 பங்கு வெள்ளி என்னும் கணக்கு மட்டுமே உருக்குபவருக்குத் தேவைப்பட்டது. அன்று மூசைக்குள் போனவற்றில் அரிய ஆண்டுகளும் அரிய குறிகளும் எத்தனை இருந்தன என்பதை இனி எவராலும் எண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் எந்த ரூபாய்கள் இன்று கிடைக்கின்றன, எவை கிடைப்பதில்லை என்பதற்கு அக்கசாலையின் உற்பத்திக் கணக்கைவிட இந்த உருக்கலே பெரிய காரணம் என்பதைச் சரக்கைக் கையாண்டவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். ஓர் ஆண்டில் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது என்று ஏட்டில் இருக்கும் காசு சந்தையில் அருமையாக இருப்பதும், குறைவாக அடிக்கப்பட்ட காசு அடிக்கடி தட்டுப்படுவதும் இதனால்தான்.

குறியை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு 1862 என்னும் ஆண்டைத் தாங்கிய விக்டோரியா ரூபாயைவிட நல்ல பாடம் இல்லை. முகப்பில் முடிசூடிய அரசியின் மார்பளவு உருவமும் ‘விக்டோரியா குவீன்’ என்னும் எழுத்தும், பின்பக்கத்தில் பூக்கொடி வளையத்துக்குள் ‘ஒன் ரூபி இந்தியா 1862’ என்னும் எழுத்தும் கொண்ட இந்தக் காசு அந்த ஓராண்டில் மட்டும் அடிக்கப்படவில்லை. 1874-இல் உண்மையான ஆண்டைப் பொறிக்கும் வழக்கம் வரும்வரை, ஒவ்வோர் ஆண்டும் அதே 1862 என்னும் எண்ணோடுதான் வெளிவந்தது. பம்பாய் அக்கசாலை மட்டும், எந்த ஆண்டின் உற்பத்தி என்பதைத் தானே தெரிந்துகொள்வதற்காக, ஆண்டு எண்ணுக்கு அருகில் சிறு புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போயிற்று. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, காசை லென்ஸை நோக்கி மெல்லக் கொண்டுவந்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு சாய்த்தால், எண்ணுக்குக் கீழே ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள் தெரியத் தொடங்கும். தேய்ந்த காசில் புள்ளி மறைந்திருக்கும். அழுக்கேறிய காசில் தூசே புள்ளிபோல் நிற்கும். அச்சில் வெட்டப்பட்ட புள்ளி காசின் தளத்திலிருந்து திரண்டு எழுந்து, சாய்க்கும்போது தன் நிழலை ஒரு பக்கமாக விழவிடும். ஒட்டிக்கொண்ட அழுக்கோ நிறத்தில் வேறுபட்டு, விளிம்பு மங்கித் தெரியும். புள்ளிகளோடு அரசியின் ஆடை மார்பிலுள்ள வேலைப்பாடும், பின்பக்கப் பூவின் அமைப்பும் வகைக்கு வகை மாறுவதால், ஒரே ஆண்டெழுதிய இந்தக் காசில் மட்டும் பல வகைகளைச் சேகரிப்பாளர்கள் பிரித்திருக்கிறார்கள். இத்தகைய பிரிவுகளை வரிசைப்படுத்தியதில் பிரெட் பிரிட்மோர் என்னும் ஆங்கிலேயரின் நூலுக்கு இருக்கும் இடம் பெரியது. 1975-லும் 1980-லும் இரண்டு பாகங்களாக வந்த அந்த நூல் கைக்கு எட்டிய பிறகே, பலர் தாம் ஆண்டுக்கணக்காக எடைக்கு விற்றுவந்த சரக்கைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள்.

எழுத்தைக் கண்டதும் அக்கசாலைக் குறி என்று முடிவு செய்துவிடுவதும் புதியவர்களிடம் காணப்படும் பழக்கம். 1835-இல் கம்பெனி நாடு முழுவதற்கும் ஒரே சீரான ரூபாயைக் கொண்டுவந்தபோது, அதில் பொறித்த நான்காம் வில்லியமின் உருவத்தின் கழுத்தடியில் காணப்படும் ‘ஆர்.எஸ்.’ என்பதும் ‘எப்’ என்பதும் கல்கத்தா அக்கசாலையில் பொறுப்பில் இருந்த சாண்டர்ஸ், போர்ப்ஸ் ஆகியோரின் பெயரெழுத்துகள். 1840-ஆம் ஆண்டு விக்டோரியா காசிலுள்ள ‘டபிள்யூ.டபிள்யூ.’ உருவத்தைச் செதுக்கிய வில்லியம் வயனைக் குறிப்பது. எழுத்து எங்கே இருக்கிறது என்பதே இங்கு வழிகாட்டும். பெயரெழுத்துகள் பெரும்பாலும் முகப்பில், உருவத்தின் கழுத்து வெட்டுப்பட்ட இடத்தில் இருக்கும். ஆங்கிலேயர் கால ரூபாய்களின் அக்கசாலைக் குறியோ பெரும்பாலும் பின்பக்கத்தில், ஆண்டை ஒட்டியோ அடிப்பூவின் அருகிலோ இருக்கும். எழுத்து எழும்பி நிற்கிறதா, குழிந்து பதிந்திருக்கிறதா என்பதும் பார்க்கப்பட வேண்டும். பேரரசியான பிறகு, 1877 முதல் வெளிவந்த விக்டோரியா ரூபாய்களில் ‘பி’ என்னும் எழுத்து இரு விதமாகவும் காணப்படுவதால், இரண்டும் தனித்தனி வகைகளாகவே கருதப்படுகின்றன.

ஐந்தாம் ஜார்ஜின் ரூபாயில் பம்பாய்க்கு எழுத்து போய்ப் புள்ளி வந்தது. பின்பக்க வளையத்தின் அடியிலுள்ள தாமரைக்குக் கீழே ஒரு புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. இதே அரசரின் 1911-ஆம் ஆண்டு ரூபாயில், அவர் அணிந்திருக்கும் மேலங்கியில் தொங்கும் யானை உருவம் பன்றியைப்போல் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்ததால், அடுத்த ஆண்டே யானையின் தும்பிக்கை திருத்திச் செதுக்கப்பட்டது. ‘பன்றி ரூபாய்’ என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் அந்த 1911 காசு கடைக்கு வரும்போதெல்லாம், அதைக் கொண்டுவந்தவர் யானையைப் பார்க்கவே மறந்திருப்பார் என்பது வணிகர்களின் பொதுவான அனுபவம். ஆண்டு சரியாக இருந்தால் உருவமும் சரியாகவே இருக்கும் என்பதால் இதில் ஏமாற்று குறைவு.

ஏமாற்று மிகுந்தது ஆறாம் ஜார்ஜின் 1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாயில்தான். பழைய தூய்மையுள்ள, நூற்றுக்கு ஏறத்தாழ 92 பங்கு வெள்ளி கொண்ட ரூபாயின் கடைசி ஆண்டு அது; 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டு, மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றால் நிரப்பப்பட்டது. 1939 காசு மிக அரிதாகவே கிடைப்பதால், எளிதில் கிடைக்கும் 1938 காசின் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்குவது ஒரு தொழிலாகவே நடந்தது. இரண்டு காசுகளின் எடையும் தூய்மையும் ஒன்றே ஆகையால், தராசும் உரைகல்லும் இங்கே உதவா. எண்ணைச் சுற்றியுள்ள தளத்தை லென்ஸில் பார்ப்பதே ஒரே வழி: அச்சின் அழுத்தத்தில் வெள்ளி எண்ணின் ஓரத்திலிருந்து வெளிநோக்கிப் பரவியதால் உண்டான மெல்லிய இழைகள், சுரண்டப்பட்ட இடத்தில் அறுந்து, குறுக்கும் நெடுக்குமான கீறல்களாக மாறியிருக்கும், திருத்தப்பட்ட ஒன்பதின் கீழ்வளைவு மற்ற மூன்று எண்களைவிடத் தாழ்ந்தும் தட்டையாகவும் இருக்கும். அரிய ஆண்டு என்று சொல்லி, துணியில் சுற்றி, அவசரப்படுத்தி விற்க வருபவரிடம், அதே அரசரின் 1938 காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று வணிகர் சொல்லும்போது, அவர் காசை மீண்டும் துணியில் சுற்றிக்கொண்டு போய்விடுவதே பெரும்பாலும் நடக்கும். இதே முறையில், மும்பைச் சாய்சதுரத்தைச் சுரண்டிக் கொல்கத்தாக் காசாக்குவதும், வேறொரு காசிலிருந்து வெட்டியெடுத்த எழுத்தை ஒட்டவைப்பதும் உண்டு. ஒட்டப்பட்ட குறியின் அடியில் மயிரிழைபோன்ற ஒரு கோடு பக்க வெளிச்சத்தில் தெரியும்.

வார்ப்புப் போலிகளைப் பிடிப்பது இதைவிட எளிது. அச்சால் அடிக்கப்பட்ட காசின் தளம் இறுகியிருக்கும். அச்சுக்குழியில் உலோகத்தை ஊற்றிச் செய்த போலியில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும், விளிம்பைச் சுற்றி ஓர் இணைப்புக்கோடு ஓடும், எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். சந்தேகம் தீராவிட்டால் காசைக் காற்றிலும் பின்னர் நீருக்குள் தொங்கவிட்டும் எடைபோட்டு, அடர்த்தியைக் கணக்கிடலாம்: பழைய ரூபாயின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 10.3 மடங்கு இருக்க வேண்டும். செம்பின்மேல் வெள்ளி பூசிய போலி 9-ஐ ஒட்டி நின்றுவிடும். இன்னும் எளிய சோதனை காந்தம். 1947-ஆம் ஆண்டு ரூபாயை வெள்ளி என்று நம்பிப் பெட்டியில் காத்துவைத்திருக்கும் குடும்பங்கள் பல. அது தூய நிக்கல், காந்தத்தில் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். பின்பக்கத்தில் நடக்கும் புலியுடன் வந்த அந்த அழகிய காசு ஆறாம் ஜார்ஜின் தலை பொறித்த கடைசி ரூபாய் என்பதால் சேகரிப்பில் இடம்பெறத் தக்கதே. வெள்ளியின் விலையை மட்டும் அதற்கு எதிர்பார்க்கக் கூடாது.

காசின் நிலையைப் பற்றிய பாடம்தான் குடும்பங்களுக்குப் புரியவைப்பதற்கு மிகக் கடினமானது. பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்த ரூபாய்களைக் கடைக்குக் கொண்டுவருவதற்கு முந்தின இரவு, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பூசைப் பாத்திரம்போலப் பளபளக்கச் செய்து எடுத்துவருவார்கள். பழைய வெள்ளியின்மேல் காலம் படியவைத்த சாம்பல் நிறப் படலமும், பழைய செம்பின்மேல் படிந்த பழுப்பும், காசு அச்சிலிருந்து வெளிவந்த நாளில் தளத்தில் இருந்த மென்மையான மினுக்கைக் காப்பவை. தேய்த்த உடனேயே அந்த மினுக்கு போய், ஆயிரக்கணக்கான நுண்கீறல்கள் எல்லாத் திசைகளிலும் ஒளியைச் சிதறவைக்கும். அதன்பிறகு எந்த மருந்தும் அதை மீட்டுத் தராது. தேயாமல், அச்சின் எல்லா நுணுக்கங்களும் தெரியுமாறு கிடைக்கும் ஒரு ரூபாய், அதே ஆண்டின் அதே குறியுள்ள, ஆனால் தேய்த்துத் துலக்கிய ரூபாயைவிடப் பல மடங்கு பெறும். வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லும் கணத்தில் அவர் முகம் வாடுவதைக் காண்பது, தொழிலில் எவ்வளவு காலம் இருந்தாலும் பழகிப்போகாத ஒன்று. ஏனென்றால் அவர் தேய்த்தது அந்தக் காசின்மீதுள்ள மதிப்பால்தான்.

அண்மை இருபது ஆண்டுகளில் குறியைப் பற்றிய வதந்தியே ஒரு தனித் தொழிலாகிவிட்டது. 1985-ஐ ஒட்டி உள்நாட்டு அக்கசாலைகள் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனதால், அரசு வெளிநாட்டு அக்கசாலைகளில் காசு அடித்து வரவழைத்தது. பர்மிங்காமின் ஹீட்டன் நிறுவனம் அடித்த ஒரு ரூபாயில் ‘எச்’ என்னும் எழுத்தும், பிரிட்டனின் லான்ட்ரிசன்ட் அக்கசாலை அடித்ததில் ஆண்டின் முதல் எண்ணுக்குக் கீழே சாய்சதுரமும், கனடாவின் ஒட்டாவாவில் அடிக்கப்பட்ட இருபத்தைந்து காசில் ‘சி’ என்னும் எழுத்தும், தென்கொரியக் காசில் முதல் எண்ணுக்குக் கீழே விண்மீனும் உண்டு; பிற்காலத்தில் மெக்சிகோவின் ‘எம்’ என்னும் எழுத்தும், மாஸ்கோவின் முட்டை வடிவக் கட்டத்துக்குள் மூன்று எழுத்தும் வந்தன. விண்மீன் நடுவில் இருந்தால் ஐதராபாத், முதல் எண்ணுக்குக் கீழே இருந்தால் கொரியா என்னும் இந்த வேறுபாடுகள் கற்பதற்கு இனியவை, சேகரிப்பைத் தொடங்கும் மாணவருக்கு மிகவும் உகந்தவை. ஆனால் ‘எச்’ எழுத்துள்ள 1985 ரூபாய்க்கு இலட்சக்கணக்கில் விலை என்று பரவிய செய்தியில் உண்மை இல்லை. அந்தக் காசு பெருமளவில் அடிக்கப்பட்டு, சில்லறையாகக் கைமாறி, இன்றும் சாதாரணமாகக் கிடைப்பது. வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் காசுகளுக்கும் இதே பொய் விலை சொல்லப்பட்டது. பழைய காசுகளையும் நோட்டுகளையும் அதிக விலைக்கு வாங்குவதாகச் சொல்லி முன்கட்டணமும் வரியும் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் மக்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று. வாங்குபவர் விற்பவரிடம் முன்பணம் கேட்கும் வழக்கம் நாணய வணிகத்தில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

தமிழ்நாட்டில் இதைவிடக் கொடிய மோசடி ஒன்றும் உண்டு. 1616, 1717, 1818 என்னும் ஆண்டுகளும், ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி’, ‘யு.கே.எல்.’ என்னும் எழுத்துகளும், இராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறிக்கப்பட்ட செப்புக்காசுகள், அரிசியை இழுக்கும் ஆற்றல் உள்ளவை, இரிடியம் கலந்தவை என்று சொல்லப்பட்டு இலட்சங்களுக்குக் கைமாறுகின்றன. இத்தகைய காசு எதையும் கம்பெனி எந்த அக்கசாலையிலும் அடித்ததில்லை. அவை கோயில் வாசல்களில் விற்கப்பட்ட பொம்மை வில்லைகளும், அவற்றைப் பார்த்துப் பிற்காலத்தில் செய்யப்பட்ட போலிகளுமே. இதில் நிலத்தை விற்றுப் பணம் கொடுத்தவர்கள் கடைசியில் அந்தச் செப்புவில்லையோடு நாணயக் கடைக்கு வந்து நிற்கும்போது, அதை எடைக்குக்கூட வாங்க இயலாது என்று சொல்ல வேண்டியிருப்பது வேதனையான வேலை.

கம்பெனியின் உண்மையான சென்னைக் காசுகள் இந்தப் பொய்களைவிட மிகுந்த சுவை உடையவை. கோபுரமும் அதைச் சூழ்ந்த விண்மீன்களும் கொண்ட அரை வராகன், கால் வராகன் வெள்ளிக்காசுகளில் தமிழும் தெலுங்கும் எழுதப்பட்டிருக்கும். தமிழ் எழுத்து பொறித்த கம்பெனிக் காசை முதன்முதலாகக் கையில் வாங்கும் இளைஞர் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சி தனியானது. மாத்தியூ போல்டனின் பர்மிங்காம் சோஹோ அக்கசாலையில் சென்னைக்காக அடிக்கப்பட்ட 1808-ஆம் ஆண்டுப் பத்துக்காசும் இருபதுகாசும் விலையைப் பற்றிய ஒரு பாடத்தையும் கற்பிக்கின்றன. அவற்றை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்னும் கப்பல் 1809 ஜனவரியில், இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்கு முன்பே குட்வின் மணற்திட்டில் மோதி மூழ்கியது. 1980-களின் நடுவில் மூழ்குவோர் அந்தக் கப்பலிலிருந்து பெருந்திரளான காசுகளை மேலே கொண்டுவந்தபோது, அதுவரை தேயாத நிலையில் மிக அரிதாக இருந்த காசு, உலகச் சந்தையில் எளிதில் வாங்கத்தக்க ஒன்றாயிற்று. சென்னைத் தெருக்களில் புழங்கித் தேய்ந்து கறுத்த இருபதுகாசும், கடலடியில் இருந்ததால் எவர் கையும் படாத இருபதுகாசும் இன்று பக்கத்துப் பக்கத்தில் விற்கப்படுகின்றன. இன்று அரிதாக இருப்பது நாளையும் அரிதாகவே இருக்கும் என்று எண்ணி, ஒரே காசில் தம் சேமிப்பை முழுவதும் போடுபவர்கள் இந்தக் கப்பலை நினைவில் வைப்பது நல்லது.

வணிகமும் முற்றாக மாறிவிட்டது. எழுபது படிகள் கொண்ட தர அளவுகோலை அமெரிக்காவின் வில்லியம் ஷெல்டன் 1949-இல் அந்நாட்டுப் பழைய செப்புக்காசுகளுக்காக வகுத்தார். 1980-களில் அங்கே தொடங்கிய தரச்சான்று நிறுவனங்கள் அதைப் பின்பற்றி, காசை ஆராய்ந்து, எண்ணிட்டு, திறக்க இயலாத பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. இந்திய ரூபாய்களும் இப்போது அந்த உறைகளில் ஏலத்துக்கு வருகின்றன. போலிகளிலிருந்து வாங்குபவரைக் காப்பதில் இதற்குப் பெரும் பயன் உண்டு. ஆனால் உறையின்மேல் அச்சிட்ட எண்ணை மட்டும் பார்த்துக் காசைப் பாராமல் வாங்கும் பழக்கம் அதனுடன் வளர்ந்திருப்பது கவலைக்குரியது. ஒரே எண் பெற்ற இரண்டு காசுகளில் ஒன்று கண்ணுக்கு இனியதாகவும் மற்றொன்று மங்கியதாகவும் இருப்பதுண்டு, விலையும் அதற்கேற்பவே இருக்க வேண்டும். எண் ஒரு நிபுணரின் கருத்து மட்டுமே.

தமிழ் வீடுகளில் இன்றும் அழிந்துவருவது பழைய தங்க சவரன். பிரிட்டனின் அரச அக்கசாலையின் கிளையாகப் பம்பாயில் இயங்கிய பணிமனை 1918-இல் மட்டும் ஐந்தாம் ஜார்ஜின் சவரன்களை அடித்தது. குதிரைமேல் அமர்ந்து நாகத்தைக் கொல்லும் வீரனின் உருவத்துக்குக் கீழே, தரைக்கோட்டின்மேல், ஆண்டெண்ணின் நடுவுக்கு நேராக ‘ஐ’ என்னும் சிறு ஆங்கில எழுத்து அதில் இருக்கும். இந்தியாவில் அடிக்கப்பட்ட ஒரே சவரன் வகை அது என்னும் பெருமை நெடுங்காலம் அதற்கு இருந்தது. 7.98 கிராம் எடையும் 22 காரட் தூய்மையும் கொண்ட இந்தக் காசு, திருமணத்துக்கு நகை செய்யும்போது மற்றப் பழைய நகைகளோடு சேர்த்துப் பத்தரிடம் கொடுக்கப்படுகிறது. காசுமாலையில் கோக்கக் காது வைத்துப் பற்றவைத்தாலும் அதன் சேகரிப்பு மதிப்பு குறைந்துவிடும். கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் லென்ஸில் அந்தத் தரைக்கோட்டைப் பார்த்துவிட்டால், அது பிறகு உருக்கப்படாது.

வீட்டிலுள்ள பெட்டியைத் திறப்பவர்களிடம் நாணயத் துறையினர் கேட்டுக்கொள்வது இவ்வளவே: காசைத் தேய்க்க வேண்டாம், பாலிவினைல் உறைகளில் அடைக்க வேண்டாம், விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும், விற்பதானால் இரண்டு மூன்று வணிகரிடமாவது காட்டிவிட்டு விற்க வேண்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட காசுகளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடைசெய்கிறது. வயலிலோ, வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ காசுப்புதையல் கிடைத்தால், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்; கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொன்னாலும் செய்தி அவருக்குப் போய்ச்சேரும். அப்படித் தெரிவிக்கும்போது காசுகளைக் கழுவாமல், கிடைத்த பானையோடும் மண்ணோடும் அப்படியே ஒப்படைப்பது மிகவும் உதவும்.